கேமிங் கண்ணாடி: பெட்டியில் வரும் நீல டார்ச்சை நம்பலாமா?

திரையின் நீல ஒளியைத் தடுத்துக் கண்ணைக் காக்கும் என்று விற்கும் கண்ணாடிக்கு கேமிங் கண்ணாடி, ப்ளூ கட் கண்ணாடி, கம்ப்யூட்டர் கண்ணாடி என்று பெயர் எதுவாக இருந்தாலும் பெட்டியைத் திறந்தால் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பவர் இல்லாத லென்ஸ் பூட்டிய ஃபிரேம், துடைக்க ஒரு துணி, பலவற்றில் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச், சோதித்துப் பார்க்க ஒரு அட்டை. டார்ச்சை அட்டையின் மேல் அடித்தால் ஊதா கலந்த நீலப் புள்ளி பளிச்சென்று விழுகிறது. நடுவில் லென்ஸைப் பிடித்தால் புள்ளி காணாமல் போகிறது. பார்த்தவருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

கண் முன்னால் நடந்தது உண்மைதான். ஆனால் டார்ச்சின் ஒளி வேறு, மானிட்டரின் ஒளி வேறு. அந்த டார்ச்சுக்குள் வழக்கமாக இருப்பது 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா லேசர். மானிட்டரிலும் ஃபோனிலும் நீலத்தைத் தருவது 450 நானோமீட்டரை ஒட்டிய எல்இடி. 405-க்குப் பக்கத்தில் திரைகள் உமிழும் ஒளி மிகச் சொற்பம். நிறம் தெரியாத ப்ளூ கட் லென்ஸ்களில் பல, 410 அல்லது 420 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை நன்றாக நிறுத்தும். அதைத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும். டார்ச்சை அணைத்துக் காட்டும் அதே லென்ஸ், திரையின் நீலத்தில் பெரும்பகுதிக்கு வழி விடுகிறது.

இதற்கு இயற்பியலில் எளிய காரணம் இருக்கிறது. வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தை எடுத்தால் மிஞ்சுவது மஞ்சள். 450-ஐ உண்மையாகவே தடுக்கும் லென்ஸ் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோதான் இருக்கும். "நிறமே தெரியாது, நீல ஒளி முழுக்க நின்றுவிடும்" என்று இரண்டையும் ஒரே அட்டையில் அச்சிட்டிருந்தால், அதில் ஒன்று பொய்.

டார்ச்சைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது விளையாட்டுச் சாமான் இல்லை, லேசர். கண்ணைக் காப்பதற்காக விற்கும் பெட்டியில், கண்ணுக்குள் அடித்தால் விழித்திரையைச் சுடக்கூடிய ஒரு பொருளை, அதன் திறன் எத்தனை மில்லிவாட் என்றுகூட எழுதாமல் வைப்பது பொறுப்பற்ற செயல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதல் வேலையாக அதன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

லென்ஸ் திரையின் நீலத்தை எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும் என்பதை, நாமே வைக்கக்கூடிய ஃபோன் கேமரா ஒன்று போதும்.

பெயிண்ட் போன்ற ஏதாவது ஓர் ஆப்பில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255 என்று கொடுத்து முழுத்திரை அளவுக்கு ஒரு படம் செய்யுங்கள். மானிட்டரில் நைட் மோடு, தானியங்கி வெளிச்சம், ஹெச்டிஆர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பாதியில் நிறுத்துங்கள். அறை விளக்கையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸின் பின்பக்கத்தில் விழும் எதிரொளி அளவைக் கெடுத்துவிடும். ஃபோனை ஸ்டாண்டில் பொருத்தி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஆகக் குறைந்த எண்ணில் வையுங்கள்; ஒயிட் பேலன்ஸையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். ஷட்டரை 1/10 நொடியில் வைத்து, கண்ணாடி இல்லாமல் ஒரு படம் எடுங்கள். படத்தின் நடுவில் நீலத்தின் மதிப்பு என்ன என்று போட்டோ எடிட்டரில் பாருங்கள். 120-க்கும் 200-க்கும் இடையில் இருந்தால் நல்லது. 255-ஐத் தொட்டிருந்தால் கேமரா நிரம்பி வழிகிறது என்று பொருள். மானிட்டர் வெளிச்சத்தை இன்னும் இறக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

இப்போது லென்ஸைக் கேமராவுக்கு நேர் முன்னால், சாய்க்காமல் பிடித்து 1/10, 1/8, 1/6, 1/5 என்று வரிசையாக நான்கு படங்கள். முதல் படத்தின் நீல மதிப்புக்கு எது அருகில் வருகிறது என்பதுதான் விடை. 1/8-இல் சமமானால் லென்ஸ் 80 சதவீத நீலத்தை உள்ளே விடுகிறது. 1/6 என்றால் 60, 1/5 என்றால் 50. 1/10-க்கும் 1/8-க்கும் நடுவில் எங்கோ விழுந்தால் 80-க்கும் மேலேயே விடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிக்சல் மதிப்புகளை நேராக வகுத்துப் பார்ப்பது தவறு. 200 என்பது 100-ஐப் போல இரண்டு மடங்கு ஒளி இல்லை. கேமரா அந்த எண்களை வளைத்துத்தான் எழுதுகிறது. ஷட்டர் நேரத்துக்கு அந்த வளைவு கிடையாது. அதனால்தான் இந்தச் சுற்று வழி.

சறுக்கும் இடங்கள் சில உண்டு. 1/100 போன்ற வேகமான ஷட்டரில் மானிட்டரின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழுந்து அளவைக் குழப்பும். பல ஃபோன்கள் சொல்லாமலே இரண்டு மூன்று படங்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். ப்ரோ மோடில் எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கோட்டிங் எதுவும் இல்லாத வெறும் லென்ஸே ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் வீதம் மொத்தம் 8 சதவீத ஒளியைப் பிரதிபலித்துத் திருப்பிவிடும் என்பது. 90 சதவீதத்தை விடும் ஒரு ப்ளூ கட் லென்ஸ், சாதாரண லென்ஸைவிட அதிகமாகச் செய்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இப்போது அதே மானிட்டரின் வெளிச்சத்தை 300 நிட்டிலிருந்து (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) 150 நிட்டுக்கு இறக்குங்கள். நீலம் சரிபாதியாகிவிட்டது. நிறம் தெரியாத லென்ஸ்கள் வழக்கமாகக் குறைப்பது 10 முதல் 25 சதவீதம்தான். மானிட்டரின் அடியில் இருக்கும் ஒரு பொத்தான் கண்ணாடியைவிடக் கூடுதலாகச் செய்கிறது.

நீல ஒளி விழித்திரையைக் கெடுக்குமா?

இந்தப் பயம்தான் விற்பனையின் அஸ்திவாரம். 2018-இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஃபோன் வெளிச்சம் பார்வையைப் பறிக்கும் என்ற தலைப்புகளோடு உலகம் முழுக்கச் சுற்றியது. ஆய்வில் நடந்தது வேறு. விழித்திரையிலிருந்து எடுக்காத செல்களில் (உயிரணுக்களில்) ரெட்டினல் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, அவற்றின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். உயிருள்ள கண்ணில் ரெட்டினல் அப்படி வெறுமனே மிதந்துகொண்டிருப்பதில்லை, புரதங்களோடு பிணைந்திருக்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி உடனே மறுப்பு வெளியிட்டது. மறுப்பு அவ்வளவு தூரம் பயணிக்கவில்லை. உயிரணுவில் நடந்ததைக் கண்ணில் நடந்ததாகவும், ஆய்வகத்து ஒளியை ஃபோனின் ஒளியாகவும் வாசிப்பது மருத்துவச் செய்திகளில் ஓயாமல் நடக்கும் பிழை.

திரைகளின் ஒளியையே எடுத்து அளந்தவர்களும் இருக்கிறார்கள். 2016-இல் பிரிட்டனில் எல்இடி பல்புகள், கம்ப்யூட்டர்கள், டேப்லெட்டுகள், ஃபோன்கள் ஆகியவற்றின் நீல ஒளியை அளந்து, சர்வதேசப் பாதுகாப்பு வரம்போடு ஒப்பிட்டார்கள். மிக நீண்ட நேரம் பார்த்தாலும் எதுவும் அந்த வரம்பை நெருங்கவில்லை. நண்பகல் வெயிலில் 1,00,000 லக்ஸ் விழும் உலகத்தில் வளர்ந்த உறுப்பு நம் கண். அதற்குள்ளேயே வடிகட்டி ஒன்றும் இருக்கிறது. விழித்திரையின் மையத்தில் படிந்திருக்கும் மஞ்சள் நிறமி, 460 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சுகிறது. வயது ஏற ஏற கண்ணின் லென்ஸும் மஞ்சளாகி நீலத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது.

இந்தப் பயத்தை விளம்பரத்தில் பயன்படுத்தியதற்காக 2017-இல் பிரிட்டனில் ஒரு பெரிய கண்ணாடிக் கடைச் சங்கிலிக்கு, அந்நாட்டின் கண்ணாடியியல் ஒழுங்குமுறை மன்றம் 40,000 பவுண்டு அபராதம் விதித்தது.

"போட்டதும் கண் வலி போயிற்று" என்பது சான்றாகுமா?

கேமர்களிடம் இந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான். பொய் சொல்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வலி உண்மையாகவே குறைந்திருக்கும். கேள்வி என்னவென்றால், குறைத்தது லென்ஸா?

கண்ணாடி வாங்குவது எப்போது? கண் எரிச்சல் உச்சத்தில் இருக்கும் வாரத்தில். உச்சத்துக்குப் பிறகு எதுவுமே செய்யாவிட்டாலும் எரிச்சல் இறங்கும். காசு கொடுத்து வாங்கியதால், "கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நினைப்பில் வெளிச்சத்தையும் குறைத்திருப்போம், இடையில் எழுந்தும் போயிருப்போம். இவற்றையெல்லாம் பிரித்தறியத்தான் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ப்ளூ கட், இன்னொரு குழுவுக்கு வெறும் லென்ஸ், யாருக்கு எது என்று அணிபவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது.

மெல்போர்னில் நடந்து 2021-இல் வெளியான சோதனை அப்படிப்பட்டது. கம்ப்யூட்டரால் கண் சோர்வு வரும் 120 பேர், இரண்டு மணி நேரத் திரை வேலை. அதில் அழகான ஒரு கூடுதல் ஏற்பாடும் இருந்தது. பாதிப் பேரிடம் லென்ஸைப் பற்றி மருத்துவர் உயர்வாகப் பேசினார். மீதிப் பேரிடம் உற்சாகமில்லாமல் பேசினார். கண் சோர்வு மதிப்பெண்ணில் லென்ஸும் வித்தியாசம் காட்டவில்லை, பேச்சும் வித்தியாசம் காட்டவில்லை. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 6 நாடுகளில் நடந்த 17 சோதனைகளை ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. குறுகிய காலக் கண் சோர்வில் ப்ளூ கட் லென்ஸ், வெறும் லென்ஸைவிடப் பலன் தருவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

அந்த 17 சோதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. மிகச் சிறியதில் 5 பேர், மிகப் பெரியதில் 156 பேர். ஒரு நாளுக்கும் குறைவாக நடந்தவையும் உண்டு. மிக நீண்டதே ஐந்து வாரம்தான். எனவே "ஐந்து ஆண்டு அணிந்தால் என்ன ஆகும்" என்பதற்கு அங்கே பதில் கிடையாது. தூக்கத்தைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால் காக்ரேன் குழு அதில் தீர்ப்பே சொல்லவில்லை. மஞ்சள் லென்ஸ் சோதனைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலகமே மஞ்சளாகத் தெரியும்போது, தான் எதைப் போட்டிருக்கிறோம் என்பது அணிபவருக்குத் தெரிந்துவிடும். மறைத்துச் சோதிப்பது அங்கே பெயருக்குத்தான்.

கண்ணைச் சோர்வடையச் செய்வது எது?

இமை. இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு பத்தியை வாசிக்க நேரமிருந்தால் அடுத்து வருவதை வாசியுங்கள்.

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியின் மேல் கண்ணீர் புதிதாகப் பூசப்படுகிறது. 1993-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்களை எண்ணிப் பார்த்தார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். 7 என்றால் இரண்டு இமைப்புகளுக்கு நடுவே எட்டரை நொடி. கண்ணீர்ப்படலம் பலருக்கு 10 நொடிக்குள்ளேயே கிழிந்துவிடும். கண் உலர்ந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கிழிந்த இடத்தில் கருவிழி காற்றில் காய்கிறது, எரிகிறது. பார்வை ஒரு நொடி மங்கி, இமைத்ததும் தெளிகிறது. அந்த ஒரு நொடி மங்கலே துப்பு. இமைத்ததும் தெளிந்தால் உங்கள் பிரச்சினை கண்ணீரில் இருக்கிறது. நீலத்தை வடிகட்டும் எந்த லென்ஸும் அதை ஈரமாக்காது.

ஷூட்டர் ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். எதிரி எந்த நொடியும் வரலாம் என்பதால் இமை பாதி வரை இறங்கி அப்படியே ஏறிவிடுகிறது. எண்ணிக்கையில் அது இமைப்பு. கருவிழியின் கீழ்ப்பாதிக்கு அது நடக்கவே இல்லை. எனவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட முழுசாக மூடிப் பழகுவது பயன் தரும். ஆட்டத்தில் செத்து மறுபடி உயிர்பெறக் காத்திருக்கும் ரெஸ்பான் நேரம், மேட்ச் தேடும் நேரம், லோடிங் திரை ஆகியவை அதற்கென்றே கிடைத்த இடைவெளிகள். கண்ணை மெதுவாக மூடி இரண்டு நொடி வைத்திருங்கள், திறங்கள், மறுபடி மூடி லேசாக அழுத்துங்கள், திறங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஐந்தாறு முறை. இமை விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த அழுத்தத்தில்தான் எண்ணெயை வெளியே விடுகின்றன. அந்த எண்ணெய் மேலே படர்ந்தால்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

மானிட்டரின் உயரமும் இதில் சேரும். திரை கண்ணைவிட மேலே இருந்தால் கண் அகலத் திறந்திருக்கும். காயும் பரப்பு கூடும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, நடுப்பகுதி 15 முதல் 20 டிகிரி கீழே இருக்கட்டும். மின்விசிறிக் காற்றும் ஏசி காற்றும் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. சொட்டு மருந்து தேவைப்பட்டால், மருத்துவரைக் கேட்டு, பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரை வாங்குங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெண்மையாகக் காட்டும். தொடர்ந்து போட்டால் விட்டதும் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும்.

அடுத்தது தூரம். திரை 50 சென்டிமீட்டரில் இருந்தால் கண் 2 டயாப்டர் (குவிக்கும் திறனின் அலகு) குவிக்க வேண்டும். ஃபோனை 25 சென்டிமீட்டரில் பிடித்தால் 4 டயாப்டர், அதாவது இரட்டிப்பு உழைப்பு. மொபைல் கேமர்களுக்குத் தலைவலி அதிகம் வருவதில் வியப்பில்லை. ஃபோனை ஸ்டாண்டில் தள்ளி வைத்து கன்ட்ரோலரில் ஆடினால் அந்த உழைப்பு பாதியாகும். அரை டயாப்டர், முக்கால் டயாப்டர் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் குறை) இருப்பதே தெரியாமல் ஆடுபவர்களும் நிறைய. அவர்களுக்குத் தேவை சரியான பவர் போட்ட சாதாரணக் கண்ணாடி. பவர் இல்லாத கேமிங் கண்ணாடி அவர்களை மருத்துவரிடம் போகவிடாமல் தள்ளிப்போட வைக்கிறது. இந்தப் பொருளால் வரும் நிஜமான கெடுதி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில், 20 நொடி பார்க்கச் சொல்லும் விதியையும் கொஞ்சம் கேள்வி கேட்கலாம். அந்த எண்கள் ஆய்விலிருந்து வந்தவை அல்ல. நினைவில் நிற்பதற்காக அமைந்தவை. 2023-இல் வெளியான ஒரு சோதனையில் 30 இளைஞர்கள் டேப்லெட்டில் 40 நிமிடம் வாசித்தார்கள். 20 நொடி இடைவேளையை 5, 10, 20, 40 நிமிடங்களுக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தும் கண் சோர்வில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் வரவில்லை. 20 நொடி போதாது என்று அதை வாசிக்கலாம். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பிறகு எழுந்து ஐந்து நிமிடம் நடப்பது கேமர்களுக்குக் கடைப்பிடிக்க எளிது. ஆட்டத்தின் நடுவில் 20 நிமிட மணி அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

கேமிங் உலகம் சொல்பவை

மஞ்சள் லென்ஸ் போட்டால் எதிரி தெளிவாகத் தெரிவார் என்ற பேச்சு வேட்டைக்காரர்கள், துப்பாக்கி சுடுபவர்களிடமிருந்து வந்தது. வெளியில், நீலம் படர்ந்த மூட்டத்தின் பின்னணியில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருக்கலாம். திரையில் மூட்டம் கிடையாது. வரைந்த நிறங்கள்தான் இருக்கின்றன. அந்த நிறங்கள் ஆட்டத்தின் மொழி. நீல அணி, ஆட்டத்தில் கிடைக்கும் ஊதா நிற அரிய பொருள் (லூட்), மானா என்ற மந்திர சக்தியின் அளவைக் காட்டும் நீலப் பட்டை, மினிமேப்பில் நண்பனைக் குறிக்கும் புள்ளி... ஆரஞ்சு லென்ஸ் வழியே பார்த்தால் ஊதா பழுப்பாகும், நீலம் கறுத்துப்போகும். வாங்கும் முன் உங்கள் ஆட்டத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அந்த லென்ஸ் வழியே பாருங்கள். இருட்டில் எதிரி தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஆட்டத்தின் செட்டிங்கிலேயே வெளிச்ச அளவை (காமா) மாற்றலாம்.

இருட்டறையில் ஆடுவது இன்னொரு பழக்கம். கரும் பின்னணியில் 300 நிட் திரை இருந்தால் கண்ணின் பாப்பா விரிந்து, பார்வை திரைக்கும் சுவருக்கும் போய்வரும்போதெல்லாம் அல்லாடும். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான விளக்கு ஒன்றை வைத்து, திரையின் வெள்ளையை அருகில் வைத்த வெள்ளைத் தாளின் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். துடிப்பையும் கவனிக்க வேண்டும். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க எல்இடியை நொடிக்கு 200, 240 முறை அணைத்து ஏற்றுகின்றன. திரையில் வெள்ளைப் பின்னணி வைத்து, அதன் முன்னால் பென்சிலை வேகமாக வீசிப் பாருங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் சரி. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை துடிக்கிறது. அசைவைத் தெளிவாக்கும் ஸ்ட்ரோப் மோடுகள் வேண்டுமென்றே துடிக்க வைப்பவை. தலைவலி உள்ளவர்கள் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேமர்களைப் பற்றி வெளியே உள்ளவர்கள் சொல்லும் "விளையாடினால் கண் கெடும்" என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. ஆக்ஷன் ஆட்டங்கள் ஆடுபவர்களின் காட்சிக் கவனம் கூர்மையாக இருப்பதாக 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. குழந்தைகளின் கிட்டப்பார்வையில் வெளியே செலவிடும் நேரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் வெளி வகுப்பு கூட்டியபோது, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4 சதவீதமாக இருந்தார்கள். பிள்ளைக்கு ப்ளூ கட் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார வைப்பதில் பயனில்லை.

ஆரஞ்சு லென்ஸுக்கு ஓர் இடம் உண்டு

தூக்க விஷயத்தில் நீல ஒளிக்கு நிஜமான பங்கு இருக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் கொண்ட தனி வகைச் செல்கள் இருக்கின்றன; 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் அவை அதிகம் தூண்டப்பட்டு, "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்கின்றன. 2015-இல் வெளியான ஒரு சோதனையில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் டேப்லெட்டில் வாசித்தவர்களுக்கு, தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலட்டோனின் பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் திரை முழு வெளிச்சத்தில், அறை மங்கலில், நான்கு மணி நேரம், 12 பேர். அவ்வளவு செய்தும் தூக்கம் தள்ளிப்போனது சுமார் 10 நிமிடம்.

480-ஐ நிறம் தெரியாத லென்ஸ் தொடுவதே இல்லை. ஆழ்ந்த ஆரஞ்சு லென்ஸ்தான் தடுக்கும். வெளிச்சத்தைக் குறைக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், உதாரணமாகப் பிரகாசமான அரங்கில் இரவுப் போட்டி ஆடுபவர்கள், ஆட்டம் முடிந்ததும் படுக்கும் வரை இரண்டு மணி நேரம் அதை அணிவதில் நியாயம் உண்டு. அறை விளக்கின் நீலமும் அதில் நிற்கும். ஃபோனின் நைட் மோடால் அதைச் செய்ய முடியாது. நைட் மோடும் தனியாகப் போதுமானதல்ல. வெளிச்சத்தைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றுவது மெலட்டோனினைக் காப்பாற்றப் போதாது என்று 2019-இல் நடந்த ஆய்வு காட்டியது. ஆரஞ்சு லென்ஸ் போட்டுக்கொண்டு இரவில் வண்டி ஓட்டவே கூடாது. நெருக்கமாகத் தோற்ற ரேங்க் மேட்ச்சின் படபடப்பை எந்த லென்ஸும் வடிகட்டாது. கடைசி மேட்ச்சுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுவது அதற்கான வழி.

ஃபிரேம்

இந்தப் பொருளில் மனதாரப் பாராட்டத்தக்க ஒன்று ஃபிரேமில் இருக்கிறது. பக்கவாட்டில் வளைந்து முகத்தை ஒட்டி நிற்கும் வகை, கண்ணில் படும் காற்றைக் குறைக்கிறது. ஏசி அறையில் கண் காய்பவர்களுக்கு அதுவே நிம்மதி தரும். அந்தப் புகழ் முழுக்க லென்ஸின் கணக்கில் எழுதப்படுகிறது. காதுக்கு மேல் போகும் தண்டு மெல்லியதாக, தட்டையாக இருக்க வேண்டும். தடித்த தண்டு ஹெட்செட்டின் மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடைவெளியில் பேஸ் ஒலி கசியும், ஒரு மணி நேரத்தில் காதின் மேல்பக்கம் வலிக்கும். வாங்கும்போது உங்கள் ஹெட்செட்டையும் மாட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் கதவு நிலை அல்லது ஜன்னல் கம்பியை, கையை நீட்டிப் பிடித்த லென்ஸ் வழியே பாருங்கள். லென்ஸை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். கம்பி அசையாமல் நின்றால் பவர் இல்லை. லென்ஸ் போகும் பக்கத்துக்கு எதிராக நகர்ந்தால் பிளஸ் பவர், கூடவே வந்தால் மைனஸ். சில கேமிங் லென்ஸ்களில் +0.20 அளவுக்கு வேண்டுமென்றே பிளஸ் வைத்திருப்பார்கள். கண்ணாடிப் பவரே 0.25 படிகளில் எழுதப்படுவதால் அது பொருட்படுத்த வேண்டிய அளவல்ல, இந்தச் சோதனையில் தெரிவதும் கடினம். பளிச்சென்று தெரியும் அளவுக்குக் கம்பி நகர்ந்தாலோ, இரண்டு லென்ஸிலும் வேறு வேறு மாதிரி நகர்ந்தாலோ, ஒன்றில் மட்டும் வளைந்து தெரிந்தாலோ, அந்தக் கண்ணாடியை அணிய வேண்டாம். அதைப் போட்ட பிறகு வந்த தலைவலிக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.